வாக்கெடுப்புக்கே வராத உரிமைச் சாசனம்: வட அயர்லாந்தில் முடிவெடுப்பது யார்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வட அயர்லாந்துக்கென்று தனியாக ஒரு உரிமைச் சாசனம் வரும் என்று 1998 சமாதான உடன்படிக்கையில் பேசப்பட்டது. இன்றுவரை வரவில்லை. அங்கே நடப்பது கூட்டணி ஆட்சி. கூட்டணியில் ஒரு கட்சி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் மற்ற கட்சிகள் பெரும்பான்மையாகச் சேர்ந்து நிறைவேற்றிவிட முடியாதா? முடியாது என்றால் லண்டன் நாடாளுமன்றமே நேரடியாகச் செய்யலாமே? சாசனம் வரும்வரை அந்த மக்களுக்கு உரிமைப் பாதுகாப்பு என்று ஒன்றுமே இல்லையா? மூன்று கேள்விகள். ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்த முடிவு உண்மையில் யார் கையில் இருக்கிறது?

அரசமைப்புச் சட்டத்தைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறேன். வட அயர்லாந்துப் பகுதிக்கு வரும்போதெல்லாம் மாணவர்கள் குழம்புகிற இடம் இதுதான். சட்டம் என்ன சொல்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். ஒரு கட்சி ஏன் அப்படி நடந்துகொண்டது என்பதில் நான் சொல்வது கணிப்பு மட்டுமே. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

உடன்படிக்கையின் வாசகத்திலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேயே இருக்கிறது. 1998 ஏப்ரல் 10 அன்று, பெரிய வெள்ளிக்கிழமையில், வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டில் கையெழுத்தான உடன்படிக்கை அது. அடுத்த மாதம் 22ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 71 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். உரிமைகள் பற்றிய பகுதியில், புதிதாக அமையும் மனித உரிமை ஆணையம் மக்களிடம் கலந்து பேசி, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் உள்ளவற்றுக்கு மேல் எந்தெந்த உரிமைகளை வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டன் நாடாளுமன்றம், இயற்றும் சட்டத்தின் மூலம் வரையறுக்கலாம் என்று ஆலோசனை சொல்லும் என்று இருக்கிறது. அந்தக் கூடுதல் உரிமைகள் வட அயர்லாந்தின் தனிப்பட்ட சூழ்நிலையைப் பிரதிபலிக்க வேண்டும். பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட்கள் (பெரும்பாலும் புராட்டஸ்டண்ட்கள்), அயர்லாந்தோடு இணைய விரும்பும் தேசியவாதிகள் (பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்) என்ற இரு சமூகங்களின் அடையாளத்துக்கும் சமமான மதிப்பு தர வேண்டும். ஐரோப்பிய உடன்படிக்கையோடு சேர்த்துப் பார்க்கும்போது அதுவே வட அயர்லாந்தின் உரிமைச் சாசனம் ஆகும். இவ்வளவுதான்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சட்டம் இயற்ற வேண்டிய இடம் வெஸ்ட்மின்ஸ்டர் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பெல்ஃபாஸ்டின் கூட்டணி அரசு இதற்கு ஒப்புதல் தர வேண்டும் என்று அந்தப் பத்தியில் ஒரு வார்த்தைகூட இல்லை. இது உறுதியானது. ஆனால் ‘ஆலோசனை சொல்லும்’ என்று எழுதினார்களே தவிர, ஆலோசனை வந்ததும் லண்டன் கட்டாயம் சட்டம் இயற்றும் என்று எழுதவில்லை. இது வெறும் ஆலோசனைக்கான ஏற்பாடா, வாக்குறுதியா என்பதில் சட்டம் படித்தவர்களே இன்றும் இரண்டு பட்டு நிற்கிறார்கள். என் வாசிப்பு இது: ஒரு சமாதான உடன்படிக்கையில், சாசனம் எப்படி அமையும் என்பதுவரை விவரித்துவிட்டு, பிறகு அது வெறும் யோசனைதான் என்று சொல்வது நேர்மையான வாசிப்பு ஆகாது. ஆனாலும் நீதிமன்றம் போய் ‘சட்டம் இயற்று’ என்று உத்தரவு வாங்கும் அளவுக்கு அந்த வாசகம் வலுவானது என்று என்னால் சொல்ல முடியாது.

‘தனிப்பட்ட சூழ்நிலை’ என்ற அந்தச் சொல்தான் பிறகு எல்லாச் சண்டைக்கும் காரணமாயிற்று. குறுகலாகப் படித்தால், பிரிட்டனின் மற்ற பகுதிகளில் இல்லாதது, வட அயர்லாந்தில் மட்டும் இருப்பது எதுவோ அது மட்டும்: மதப் பிரிவினை, அணிவகுப்புகள், அடையாளம், மொழி. விரிவாகப் படித்தால், இந்த இரு சமூகங்களின் மோதலை உண்டாக்கியதும் மோதலால் உண்டானதும் எல்லாம் அதற்குள் வரும். குறுகிய வாசிப்புதான் இயல்பானது என்று முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. 1968இல் கேலிடன் என்ற சிற்றூரில் நடந்ததைப் படித்த பிறகு மனம் மாறியது. அங்கே உள்ளூராட்சி கட்டிய ஒரு வீட்டை, குழந்தைகளோடு காத்திருந்த கத்தோலிக்கக் குடும்பங்களை விட்டுவிட்டு, திருமணமாகாத ஒரு புராட்டஸ்டண்ட் இளம்பெண்ணுக்குக் கொடுத்தார்கள். ஆஸ்டின் கறி என்ற சட்டமன்ற உறுப்பினர் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து போராடினார். வட அயர்லாந்தின் குடிமை உரிமை இயக்கம் தெருவுக்கு வந்ததில் அந்தச் சம்பவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சரி, இப்போது சொல்லுங்கள்: வீட்டு வசதி என்பது எங்கும் உள்ள பொதுவான ஏழ்மைப் பிரச்சினையா, அந்த மண்ணின் தனிப்பட்ட சூழ்நிலையா? ஒரு வீடு யாருக்குக் கிடைக்கும் என்பதில் தொடங்கிய கோபம்தானே முப்பது வருட மோதலுக்கு வழி திறந்த காரணங்களில் ஒன்று?

மனித உரிமை ஆணையம் 1999இல் அமைந்தது. முதல் வரைவை 2001இல் மக்கள் முன் வைத்தது. கட்சிகள் ஒத்துப்போகவில்லை. 2006 அக்டோபரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் உடன்படிக்கை வந்தபோது, கட்சிகளும் பொது அமைப்புகளும் சேர்ந்து உட்காரும் உரிமைச் சாசன மன்றம் ஒன்றை அமைத்தார்கள். ஆஸ்திரேலியரான கிறிஸ் சிடோட்டி தலைமை தாங்கினார். 2008 மார்ச்சில் அது அறிக்கை கொடுத்தது; ஒப்புதலைவிடக் கருத்து வேறுபாடுகளே அதில் அதிகம். பிறகு ஆணையம் தன் இறுதி ஆலோசனையை 2008 டிசம்பர் 10 அன்று, உலக மனித உரிமைப் பிரகடனத்தின் அறுபதாவது ஆண்டு நாளில், லண்டன் அமைச்சரிடம் ஒப்படைத்தது. அப்போது ஆணையத்தின் தலைவராக இருந்த மோனிகா மக்வில்லியம்ஸ், 1998 பேச்சுவார்த்தையில் பெண்கள் கூட்டணிக் கட்சியின் சார்பில் உட்கார்ந்தவர். வீட்டு வசதி, சுகாதாரம், போதுமான வாழ்க்கைத் தரம், மொழி, மோதலில் பாதிக்கப்பட்டவர்களின் உரிமை என்று அந்த ஆலோசனை விரிவாக இருந்தது. யூனியனிஸ்ட் பின்னணி கொண்ட இரண்டு ஆணையர்கள் அதில் சேராமல் விலகி நின்றார்கள்.

2009 நவம்பரில் அன்றைய லேபர் அரசு பதில் ஆவணம் வெளியிட்டது. அது குறுகிய வாசிப்பைக் கையில் எடுத்தது. ஆணையம் சொன்ன உரிமைகளில் பெரும்பாலானவை பிரிட்டனில் வாழும் எல்லோருக்கும் பொருந்துபவை, ஆகவே அவற்றை நாடு முழுவதற்குமான விவாதத்தில் பேசலாம் என்றது. சில மாதங்களில் லண்டனில் ஆட்சி மாறியது.

இங்கேதான் ‘கூட்டணி அரசு’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கதையில் இரண்டு கூட்டணிகள் இருக்கின்றன. ஒன்று, 2010 முதல் 2015 வரை லண்டனில் இருந்த கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் கூட்டணி. அது விரும்பிச் சேர்ந்த கூட்டணி. மற்றொன்று பெல்ஃபாஸ்டில், வட அயர்லாந்துச் சட்டமன்றம் கூடும் ஸ்டார்மன்ட்டில் இருப்பது. அது சட்டம் கட்டாயப்படுத்தும் கூட்டணி. இரண்டும் சாசனத்தை நிறுத்தின. ஆனால் நிறுத்திய விதம் வேறு.

லண்டன் கூட்டணியை முதலில் முடித்துவிடுகிறேன், அது எளிது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை உள்நாட்டில் செல்லுபடியாக்கும் மனித உரிமைச் சட்டத்தை எடுத்துவிட்டு பிரிட்டனுக்கென்று புதிய உரிமைச் சாசனம் கொண்டுவர வேண்டும் என்று கன்சர்வேடிவ் கட்சி தேர்தலில் சொல்லியிருந்தது. அந்தச் சட்டத்தைக் காப்போம் என்று லிபரல் டெமாக்ரட்கள் சொல்லியிருந்தார்கள். இரண்டும் ஒன்றாகப் போக வழியில்லை. அதனால் ஆராய்வதற்கு ஒரு ஆணையம் அமைத்தார்கள். தலைவரோடு சேர்த்து ஒன்பது பேர். தலைவர் தவிர மற்றவர்களில் பாதிப்பேரை ஒரு கட்சியும் பாதிப்பேரை மற்றக் கட்சியும் முன்மொழிந்தன. 2012 டிசம்பரில் வந்த அறிக்கையில் ஏழு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். அந்த ஏழு பேருக்குள்ளும் காரணங்கள் ஒன்றல்ல. நாடு முழுவதற்குமான சாசனம் இப்படி நின்றபோது, வட அயர்லாந்தின் சாசனமும் அதன் நிழலில் நின்றது. வட அயர்லாந்துக்கான கூடுதல் உரிமைகளைப் பொதுச் சாசனத்தின் ஒரு பகுதியாகவே வைக்கலாம் என்பது கன்சர்வேடிவ் தரப்பின் எண்ணமாக இருந்தது. பெல்ஃபாஸ்ட் கேட்டால், அங்குள்ள கட்சிகளுக்குள் கருத்தொற்றுமை இல்லை என்று திரும்பத் திரும்பப் பதில் வந்தது.

அந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். கட்சிகளின் கருத்தொற்றுமை வேண்டும் என்ற நிபந்தனை 1998 உடன்படிக்கையின் அந்தப் பத்தியில் இல்லை. உடன்படிக்கையைச் செயல்படுத்த இயற்றிய வட அயர்லாந்துச் சட்டம் 1998இலும் இல்லை. அது பிறகு லண்டன் அமைச்சர்கள் தாங்களே எடுத்துக்கொண்ட நிலைப்பாடு. லேபர், கூட்டணி, கன்சர்வேடிவ் என்று எல்லா அரசுகளும் அதைப் பிடித்துக்கொண்டன. உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சட்டப்படி முடிவெடுக்கும் இடம் லண்டன். லண்டன் அந்த முடிவை பெல்ஃபாஸ்ட் கட்சிகளின் கையில் கொடுத்தது. பெல்ஃபாஸ்டிலோ, ஆட்சியின் அமைப்பே எந்த ஒரு பெரிய கட்சியும் பேசாமலேயே ஒன்றை நிறுத்தக்கூடியதாக இருக்கிறது.

அது எப்படி என்று சொல்கிறேன். ஸ்டார்மன்ட் சட்டமன்றத்தில் 90 பேர். பதவியேற்கும்போது ஒவ்வொருவரும் தாம் யூனியனிஸ்ட்டா, தேசியவாதியா, வேறா என்று பதிவு செய்ய வேண்டும். மிகப் பெரிய கட்சி முதலமைச்சரைத் தருகிறது. எதிர்த்தரப்பின் மிகப் பெரிய கட்சி துணை முதலமைச்சரைத் தருகிறது. ‘துணை’ என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இருவருக்கும் அதிகாரம் சமம். ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் எதுவும் செய்ய முடியாது. ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் போய்விடும். மற்ற அமைச்சர் பதவிகளில் பெரும்பாலானவை கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப ஒரு கணக்கு முறைப்படி பங்கிடப்படுகின்றன. சேர விரும்பாத கட்சி எதிர்க்கட்சியாக இருக்கலாம், ஆனால் இரண்டு பெரிய தரப்பில் ஒன்றை வெளியே வைத்து ஆட்சி அமைக்கவே முடியாது.

முக்கியமான, சர்ச்சைக்குரிய எந்த விஷயமும் முழு அமைச்சரவைக்கு வர வேண்டும். அமைச்சரவையின் நிகழ்ச்சி நிரலை அந்த இருவரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள். வாக்கெடுப்பு என்று வந்தாலும், மூன்று அமைச்சர்கள் கேட்டால் அது இரு சமூகங்களின் ஆதரவும் தேவைப்படும் வாக்கெடுப்பாக மாறும். 2020 நவம்பரில் கோவிட் கட்டுப்பாடுகளை நீட்டிக்கலாமா என்ற முடிவிலேயே டியூபி, அதாவது ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி, இந்த வழியைப் பயன்படுத்தியது. சட்டமன்றத்திலும் அப்படித்தான்: 30 உறுப்பினர்கள் ஆட்சேப மனுவில் கையெழுத்திட்டால், சாதாரணப் பெரும்பான்மை போதாது. 2015 நவம்பரில் ஒரே பாலினத் திருமணத்துக்கு ஆதரவாக 53 பேரும் எதிராக 52 பேரும் வாக்களித்தார்கள். பெரும்பான்மை இருந்தும் தீர்மானம் தோற்றது, ஆட்சேப மனு இருந்ததால். இப்போது அந்த மனுவுக்கு ஒரு கட்சி மட்டும் போதாது என்று 2022இல் விதியை மாற்றியிருக்கிறார்கள். நல்ல மாற்றம்தான்.

இந்த ஏற்பாடுகளை நான் குறை சொல்லவில்லை. 1921 முதல் 1972 வரை ஒரே தரப்பு தொடர்ந்து ஆண்ட இடம் அது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆளக்கூடாது என்று முடிவு செய்ததில் ஆழமான நியாயம் இருக்கிறது. ஆக, உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில்: மற்ற கட்சிகள் பெரும்பான்மையாகச் சேர்ந்து நிறைவேற்ற முடியாது, முடியக்கூடாது என்றுதான் அந்த அமைப்பையே கட்டினார்கள்.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. சிறுபான்மையைப் பெரும்பான்மையிடமிருந்து காக்க வைத்த பூட்டுகள் இவை. உரிமைச் சாசனமும் அதே வேலைக்குத்தான். அதிகாரத்தில் யார் இருந்தாலும் தனிமனிதரை அவர்களிடமிருந்து காக்க. ஒரு பாதுகாப்பை வைத்து இன்னொரு பாதுகாப்பு வராமல் நிறுத்தப்படுகிறது. அதிகாரத்துக்கு எல்லை போடும் ஆவணத்துக்கு, அதிகாரத்தில் இருப்பவர்கள் எல்லோருடைய சம்மதத்தையும் முன்கூட்டியே கேட்பது தலைகீழான வரிசை. இதுதான் என் உறுதியான கருத்து.

2020இல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2017 ஜனவரியில் தேசியவாதக் கட்சியான ஷின் ஃபெய்னின் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் விலகியதால் ஆட்சி கவிழ்ந்து மூன்று ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 2020 ஜனவரியில் ‘புதிய பத்தாண்டு, புதிய அணுகுமுறை’ என்ற பெயரில் ஒரு உடன்பாடு வந்து ஆட்சி திரும்பியது. அதில் உரிமைச் சாசனத்துக்கென்று சட்டமன்றச் சிறப்புக் குழு அமைக்க ஒப்புக்கொண்டார்கள். குழுவுக்கு உதவ ஐந்து வல்லுநர்கள். அவர்களை முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் சேர்ந்து நியமிப்பார்கள். குழு அமைந்தது. கூடியது. சாட்சியம் கேட்டது, பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. வல்லுநர்கள் மட்டும் வரவில்லை. குழு தன் வேலையை முடித்து 2022 பிப்ரவரியில் அறிக்கை தந்தபோதும் அந்த ஐந்து நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

வல்லுநர்கள் வேண்டாம் என்று யாராவது வாக்களித்தார்களா? இல்லை. மறுத்து ஒரு அறிவிப்பு வந்ததா? அதுவும் இல்லை. இருவர் கையெழுத்தும் ஒரே தாளில் விழவில்லை, அவ்வளவுதான். கட்டாயக் கூட்டணியில் மறுப்பு இப்படித்தான் நடக்கும். யாரும் எழுந்து நின்று ‘நான் எதிர்க்கிறேன், காரணம் இது’ என்று சொல்லத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும். எதிர்த்து வாக்களித்தவரிடம் மக்கள் காரணம் கேட்கலாம். நடக்காத நியமனத்துக்கு யாரிடம் போய்க் காரணம் கேட்பது?

அந்தக் குழுவில் ஐந்து கட்சிகள் இருந்தன. ஷின் ஃபெய்ன், மற்றொரு தேசியவாதக் கட்சியான எஸ்டிஎல்பி, இரு தரப்பிலும் சேராத அலையன்ஸ் ஆகியவை சாசனத்தை ஆதரித்தன. அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சியும் கொள்கை அளவில் எதிர்க்கவில்லை. டியூபி ஆதரவு தரவில்லை. அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022 பிப்ரவரி 14. அதற்குப் பதினோரு நாள் முன்னால், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபோது வட அயர்லாந்துக்கென்று வகுத்த பிரெக்ஸிட் நெறிமுறையை எதிர்த்து டியூபியின் முதலமைச்சர் விலகிவிட்டிருந்தார். பிறகு இரண்டு ஆண்டுகள் ஆட்சியே இல்லை. 2024 பிப்ரவரி 3 அன்றுதான் மீண்டும் அமைச்சரவை அமைந்தது. ஆட்சியைக் கவிழ்க்கும் ஆயுதத்தை ஒரு தரப்பு மட்டும் பயன்படுத்தவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2017இல் ஒருவர், 2022இல் மற்றவர்.

டியூபியும் பொதுவாக யூனியனிஸ்ட்களும் ஏன் தயங்குகிறார்கள் என்பது கணிப்புப் பகுதி. அவர்கள் பகிரங்கமாகச் சொல்லும் காரணங்கள் மூன்று. உரிமைகள் பிரிட்டன் முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும், தனிச் சாசனம் வட அயர்லாந்தை மற்ற பகுதிகளிலிருந்து இன்னும் விலக்கும் என்பது ஒன்று. வீடு, சுகாதாரம் போன்றவற்றில் பணத்தை எங்கே செலவிடுவது என்பதைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் முடிவு செய்ய வேண்டும், நீதிபதிகள் அல்ல என்பது இன்னொன்று. ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற சொல் யாரையெல்லாம் குறிக்கும் என்ற கவலை மூன்றாவது. இவை போலிக் காரணங்கள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டாவது காரணத்தை உலகெங்கும் நல்ல சட்ட அறிஞர்களும் சொல்கிறார்கள். இவற்றுக்கு அடியில், சாசனம் என்பதே தேசியவாதத் தரப்பின் திட்டம் என்ற ஒரு உணர்வும் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதை என்னால் நிரூபிக்க முடியாது.

இந்த இடத்தில் என் கருத்துக்கு எதிரான வாதத்தையும் நேர்மையாக வைக்கிறேன். ஒரு சமூகத்தின் மிகப் பெரிய கட்சி ஏற்காத சாசனம், பிறக்கும்போதே ‘அவர்கள் சாசனம்’ ஆகிவிடும். உரிமைச் சட்டத்துக்கு உயிர் கொடுப்பது எல்லோரும் அதைத் தமதென்று நினைப்பதுதான். ஒரு பகுதிக்கு மட்டும் உரிமைச் சட்டம் இயற்றிய மற்ற இடங்களைப் பாருங்கள்: கனடாவின் கியூபெக் 1975இல், ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பிரதேசம் 2004இல், விக்டோரியா மாநிலம் 2006இல். அங்கெல்லாம் தேர்தலில் வென்ற அரசு, தன் சட்டமன்றத்திலேயே செய்தது. மக்களே இரண்டாகப் பிரிந்து நிற்கும் இடம் என்ற சிக்கல் வட அயர்லாந்து அளவுக்கு இல்லை. ஆகவே சம்மதம் தேடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. சம்மதம் தேடுவதற்கும், சம்மதம் வரும்வரை வரைவைக்கூட எழுதாமல் இருப்பதற்கும் உள்ள தூரத்தைத்தான் சொல்கிறேன். ஒரு வரைவு மசோதாவை மேசையில் வைத்தால், எந்தப் பிரிவை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை என்று கேட்கலாம். வெற்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து எப்படிச் சம்மதம் காண்பது?

இனி இரண்டாவது கேள்வி, லண்டன் நேரடியாகச் செய்ய முடியுமா. சட்டப்படி முடியும், இதில் சந்தேகமே இல்லை. வட அயர்லாந்துச் சட்டத்தின் 5ஆவது பிரிவு வெஸ்ட்மின்ஸ்டரின் அதிகாரம் அப்படியே இருப்பதாகச் சொல்கிறது. பகுதிச் சட்டமன்றத்துக்குக் கொடுத்த விஷயங்களில் அதன் ஒப்புதல் இல்லாமல் வழக்கமாகச் சட்டம் இயற்றுவதில்லை என்று ஒரு மரபு உண்டு. ஆனால் அந்த மரபை நீதிமன்றம் மூலம் செயல்படுத்த முடியாது என்று 2017 ஜனவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடைமுறையிலும் முன்னுதாரணம் இருக்கிறது. ஸ்டார்மன்ட் மூடிக்கிடந்த 2019இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஒரு சட்டம் இயற்றி, ஒரே பாலினத் திருமணத்தையும் கருக்கலைப்புச் சட்ட மாற்றத்தையும் கொண்டுவந்தது.

அதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் ஐரிஷ் மொழிச் சட்டம். 2020 உடன்பாட்டில் உரிமைச் சாசனத்தின் பக்கத்திலேயே இருந்த வாக்குறுதி அது. பெல்ஃபாஸ்ட் அமைச்சரவை அதையும் கொண்டுவரவில்லை. அப்புறம் லண்டன் தானே கையில் எடுத்து, 2022 டிசம்பரில் அடையாளம் மற்றும் மொழிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆக, ஒரே உடன்பாட்டின் ஒரு வாக்குறுதிக்கு லண்டன் தலையிட்டது, மற்றொன்றுக்குத் தலையிடவில்லை. கருத்தொற்றுமை இரண்டிலும் இல்லை. இதனால்தான் ‘கருத்தொற்றுமை இல்லை’ என்பதை நான் சட்டத் தடையாக ஏற்பதில்லை. அது ஒரு தேர்வு. ஆனால் அந்த மொழிச் சட்டத்தின் கதை அங்கே முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சட்டப்படி நியமிக்க வேண்டிய மொழி ஆணையர்களை நியமிப்பதும் அதே இருவர் சேர்ந்துதான். சட்டம் வந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தபோதும் அந்தப் பதவிகள் காலியாக இருந்தன. லண்டன் சட்டம் இயற்றினாலும், செயல்படுத்தும் இடத்தில் பழைய பூட்டு காத்திருக்கும். நாளை உரிமைச் சாசனம் வெஸ்ட்மின்ஸ்டரில் நிறைவேறினால், அதை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுவாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: உரிமை நேராக நீதிமன்றத்தில் கேட்கக்கூடியதாக இருக்கட்டும், யாருடைய கூட்டுக் கையெழுத்துக்கும் காத்திராததாக.

கடைசிக் கேள்வி, சாசனம் இல்லாததால் பாதுகாப்பே இல்லையா என்பது. அப்படி இல்லை. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை, 1998ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டம் வழியாக அங்கே நேரடியாகச் செல்லும். வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அந்த உரிமைகளோடு மோதினால் நீதிமன்றம் முரண்பாடு இருக்கிறது என்று அறிவிக்க மட்டுமே முடியும். ஸ்டார்மன்ட் சட்டம் மோதினால் அந்தச் சட்டமே செல்லாது. அந்த அளவில் பெல்ஃபாஸ்ட் சட்டமன்றத்தின் மேல் உள்ள கட்டு லண்டனைவிட இறுக்கமானது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, இப்போது வின்ட்சர் ஏற்பாடு என்று அழைக்கப்படும் அதே நெறிமுறையின் 2ஆவது பிரிவு, 1998 உடன்படிக்கையின் உரிமைப் பகுதியில் இருந்தவை ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதால் குறையக்கூடாது என்று காக்கிறது.

ஆனால் இந்தப் பாதுகாப்பின் அடித்தளம் லண்டன் நினைத்தால் மாற்றக்கூடியது. 2022 ஜூனில் மனித உரிமைச் சட்டத்தையே எடுத்துவிடும் மசோதா ஒன்று வெஸ்ட்மின்ஸ்டரில் வந்தது. ஓராண்டு கழித்துக் கைவிட்டார்கள். கைவிடாமல் இருந்திருந்தால், 1998 உடன்படிக்கையின் மற்றொரு தூணும் ஆடியிருக்கும். இன்னொரு ஓட்டையும் உண்டு, அது அன்றாட வாழ்க்கையைத் தொடுவது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளை ஒரே சட்டமாகச் சேர்த்து 2010இல் சமத்துவச் சட்டம் வந்தது. வட அயர்லாந்தில் அந்த வேலை அமைச்சரவையின் கையில் இருக்கிறது. அங்கே இனத்துக்கு ஒன்று, பாலினத்துக்கு ஒன்று, மாற்றுத்திறனுக்கு ஒன்று என்று தனித்தனிச் சட்டங்களே இன்னும் நடக்கின்றன. வயதின் காரணமாகக் கடையிலோ சேவையிலோ ஒருவர் ஒதுக்கப்பட்டால், லண்டனில் சமத்துவச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போடலாம். பெல்ஃபாஸ்டில் அதற்கு ஈடான சட்டம் கிடையாது.